ஒரு ஜெனரலின் பணிக்குறிப்பை வாசிக்கும் முறை

ராணுவத்தின் உயர் பதவி ஒன்றில் புதியவர் பொறுப்பேற்கும்போது ஏறக்குறைய ஒரு பக்க அளவில் ஒரு பணிக்குறிப்பு வெளியாகும். அவர் எந்த ஆண்டில் எந்த ரெஜிமென்ட்டில் சேர்ந்தார், எங்கெங்கே பணியாற்றினார், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்ற விவரங்கள் அதில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். மறுநாள் நம் நாளிதழ்களில் அதன் சுருக்கம் வரும்போது பெயரும் சொந்த ஊரும் பதக்கங்களும் தங்கிவிடும். நாற்பது ஆண்டுப் பணியின் முதுகெலும்பாக இருந்த வரிகள் உதிர்ந்துவிடும். அந்த வரிகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பொருள் கொள்வது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இந்திய ராணுவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இத்தகைய குறிப்புகளைத் தவறாக மொழிபெயர்த்த அனுபவம்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரியின் பணிக்குறிப்பில் இருந்த ‘பிரிகேட் மேஜர்’ என்ற சொல்லைப் ‘பிரிகேடியர்’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, ஒரே ராத்திரியில அவருக்கு மூணு பிரமோஷன் குடுத்துட்டீங்களே” என்றார். பிரிகேட் மேஜர் என்பது பிரிகேட் தலைமையகத்தில் மேஜர் நிலையில் உள்ளவர் வகித்துவந்த ஒரு பொறுப்பு. மேஜருக்கும் பிரிகேடியருக்கும் இடையே லெப்டினன்ட் கர்னல், கர்னல் என இரண்டு படிகள் இருக்கின்றன. அன்றிலிருந்து, பதவிநிலை வேறு, பொறுப்பு வேறு என்பதை ஒவ்வொரு வரியிலும் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வந்தது.

‘தளபதி’ என்ற சொல்லை முதலில் பிரித்துவிடுங்கள்

தமிழில் இந்தக் குறிப்புகளை வாசிப்பவருக்குப் பெரிய இடையூறு நம் மொழிபெயர்ப்புப் பழக்கமே. எண்ணூறு பேர் கொண்ட பட்டாலியனை நடத்துபவரும் தளபதி, லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைக் கொண்ட ஒரு பிராந்தியத்தை நடத்துபவரும் தளபதி, மொத்த ராணுவத்துக்கும் தலைவரும் தளபதி என்று எழுதிவருகிறோம். ‘படைப்பிரிவு’ என்ற சொல்லும் அப்படியே பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர் ஆகிய அனைத்துக்கும் ஒரே போர்வையாகிவிட்டது. ஆகவே வாசிக்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை, ‘தளபதி’ என்று எங்கே கண்டாலும் “எதற்குத் தளபதி?” என்று கேட்டு, விடையைப் பக்கத்தில் எழுதிக்கொள்வதுதான்.

அந்த விடைக்கான ஏணி இது. காலாட்படைப் பட்டாலியனில் ஏறத்தாழ எண்ணூறு பேர் இருப்பார்கள். இன்று அதைக் கர்னல் ஒருவர் நடத்துகிறார், முன்னர் லெப்டினன்ட் கர்னல் நடத்தினார். பொதுவாக மூன்று பட்டாலியன்கள் சேர்ந்தால் ஒரு பிரிகேட், அதற்குப் பிரிகேடியர். மூன்று பிரிகேட்களும் பீரங்கிப் படை முதலிய துணைப் படைகளும் சேர்ந்தால் ஒரு டிவிஷன். அதற்கு மேஜர் ஜெனரல். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிவிஷன்களைக் கொண்டது கோர். அதற்கு லெப்டினன்ட் ஜெனரல். கோர்களுக்கு மேலே இருப்பது கமாண்ட், அதாவது நம் செய்தித்தாள்கள் ‘பிராந்தியம்’ என்று எழுதுவது. அதற்கும் லெப்டினன்ட் ஜெனரலே தலைவர். உதம்பூரில் வடக்கு, சண்டிமந்திரில் மேற்கு, ஜெய்ப்பூரில் தென்மேற்கு, லக்னோவில் மத்திய, கொல்கத்தாவில் கிழக்கு, புனேயில் தெற்கு என ஆறு பிராந்தியங்களும், சிம்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட பயிற்சிக் கமாண்டும் உள்ளன.

கோரின் தலைவரும் பிராந்தியத்தின் தலைவரும் தோளில் அணியும் சின்னம் ஒன்றே: குறுக்காக வைத்த வாளும் கோலும், அதன்மேல் அசோகச் சிங்கம். சிங்கத்துக்குப் பதிலாக ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தால் அவர் மேஜர் ஜெனரல். சிங்கமும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தால் அவர் முழு ஜெனரல். பிரிகேடியரின் தோளில் வாளும் கோலும் இருக்காது. சிங்கமும் மூன்று நட்சத்திரங்களும் இருக்கும். புகைப்படத்தோடு வரும் செய்தியில் எழுத்தும் தோளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. ஆனால் கோர் தலைவரையும் பிராந்தியத் தலைவரையும் சின்னத்தை வைத்துப் பிரிக்க முடியாது என்பதால், அங்கே எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

‘கோர்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் முன்னால் எண் இருந்தால், அது போரிடும் பெரும் படை அமைப்பு. 15ஆவது கோர் ஸ்ரீநகரிலும், 4ஆவது கோர் தேஜ்பூரிலும், 14ஆவது கோர் லேயிலும் இருப்பவை. எண் இல்லாமல் பொறியாளர் கோர், சிக்னல்ஸ் கோர் என்று வந்தால் அது ராணுவத்தின் ஒரு துறை. இரண்டையும் கலந்துவிட்டால், பொறியாளர் துறையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்த ஒருவர் கோர் தலைவராகச் சேர்ந்ததாகப் பொருள் வந்துவிடும்.

சென்னைவாசிகளுக்கு நன்கு தெரிந்த பெயர் ‘தட்சிண பாரத் பகுதி’. சென்னையில் தலைமையகம் கொண்ட இதற்கும் லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரே தலைவர் என்றாலும், ‘பகுதி’ என்பது நிலையான நிர்வாக அமைப்பு. எல்லையில் நின்று போரிடும் கோர் அன்று. பணிக்குறிப்பில் ‘பகுதி’, ‘துணைப் பகுதி’ ஆகிய சொற்களைப் பார்த்தால் அவற்றைக் களப் படைகளின் வரிசையில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

இன்னும் சில பொறிகள் உள்ளன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மிலிட்டரி செக்ரட்டரி’ என்பவர் யாருக்கும் செயலாளர் அல்லர். அதிகாரிகளின் நியமனங்களையும் பதவி உயர்வுகளையும் கையாளும் கிளைக்குத் தலைவரான லெப்டினன்ட் ஜெனரல். அசாம் ரைஃபிள்ஸின் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ காவல் துறை ஐ.ஜி. போலத் தோன்றினாலும், அது ராணுவ மேஜர் ஜெனரல் வகிக்கும் பொறுப்பு. ஒரு லெப்டினன்ட் ஜெனரலைப் பற்றி ‘இன்ன ரெஜிமென்ட்டின் கர்னல்’ என்று எழுதியிருந்தால், அவர் பதவி இறக்கம் பெறவில்லை. அந்த ரெஜிமென்ட்டின் குடும்பப் பெரியவர் என்ற மதிப்புப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

இரண்டு தேதிகளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

எந்தக் குறிப்பாக இருந்தாலும் பிறந்த தேதியையும் கமிஷன் பெற்ற தேதியையும், அதாவது அதிகாரியாக நியமனம் பெற்ற தேதியையும், தேடி எடுத்து, தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். கமிஷன் தேதி அவருடைய மூப்பைத் தீர்மானிக்கிறது. பிறந்த தேதி அவர் எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

லெப்டினன்ட் கர்னல் வரையிலான ஏற்றம் ஆண்டுக் கணக்கில் நடப்பது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளில் கேப்டன், ஆறு ஆண்டுகளில் மேஜர், பதின்மூன்று ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் என்பது விதி. அதற்கு மேல் தேர்வு வாரியங்கள் வந்துவிடுகின்றன. கர்னலுக்கு மூன்றாம் எண் வாரியம், பிரிகேடியருக்கு இரண்டாம் எண் வாரியம், மேஜர் ஜெனரலுக்கு முதலாம் எண் வாரியம், லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சிறப்புத் தேர்வு வாரியம் என்று படிக்குப் படி சல்லடை நெருக்கமாகிக்கொண்டே போகும். மறுபக்கம் வயது துரத்திக்கொண்டு வரும்: கர்னல் 54, பிரிகேடியர் 56, மேஜர் ஜெனரல் 58, லெப்டினன்ட் ஜெனரல் 60. அடுத்த படிக்குத் தேர்வாகியும் காலியிடம் வருமுன் வயது நிறைந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ராணுவத் தலைமைத் தளபதிக்கு மட்டும் 62 வயது அல்லது மூன்று ஆண்டுப் பதவிக்காலம், இவற்றில் எது முந்துகிறதோ அது.

இந்த விதியை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது. ஜெனரல் உபேந்திர திவிவேதி 1964 ஜூலை 1 அன்று பிறந்தவர். 1984 டிசம்பரில் ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸில் கமிஷன் பெற்றவர். 2024 ஜூன் 30 அன்று தலைமைத் தளபதியானவர். மூன்று ஆண்டுகள் என்றால் 2027 ஜூன் வரும். ஆனால் 62 வயது 2026 ஜூலை 1 அன்றே நிறைகிறது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பதால், கணக்கு 2026 ஜூன் 30 என்று முடிகிறது. அவருக்கு முன்பிருந்த ஜெனரல் மனோஜ் பாண்டே 1962 மே மாதம் பிறந்தவர். கணக்குப்படி 2024 மே 31 அன்று ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அரசு ஒரு மாதம் நீட்டிப்புக் கொடுத்தது. அந்த ஒரு மாதம் அன்று ஏன் தலைப்புச் செய்தியாயிற்று என்பது, இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கே விளங்கும்.

பிறந்த தேதி எவ்வளவு கனமானது என்பதற்கு 2012ஆம் ஆண்டு நிகழ்வைவிடப் பெரிய சான்று வேண்டாம். அப்போதைய தலைமைத் தளபதி வி. கே. சிங், தாம் பிறந்தது 1951 மே 10 என்றார். அரசு ஏற்றுக்கொண்டிருந்த பதிவோ 1950 மே 10 என்றது. பணியில் இருக்கும் தலைமைத் தளபதி அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31 அன்று ஓய்வு பெற்றார். ஓராண்டு வித்தியாசம் அவரை மட்டும் பாதிக்கும் விஷயம் அன்று. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், தம் 60ஆம் பிறந்த நாளுக்கு முன் அந்த இடம் காலியாகுமா என்பது அந்த ஓராண்டைப் பொறுத்தது.

படித்த இடங்களைப் பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

தேசிய பாதுகாப்பு அகாடமி, டேராடூன் அகாடமி, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி ஆகியவை நுழைவாயில்கள். ஒருவர் எந்த வாயில் வழியாக வந்தார் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியவை பின்னாளில் படித்த மூன்று. நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் காலேஜ் முதலாவது. மேஜர் நிலையில் போட்டித் தேர்வு எழுதித்தான் அங்கே நுழைய முடியும். மோவ் நகரிலுள்ள ராணுவப் போர்க் கல்லூரியின் உயர் கமாண்ட் படிப்பு அடுத்தது. புதுதில்லியில் 1960இல் தொடங்கப்பட்ட தேசிய பாதுகாப்புக் கல்லூரி மூன்றாவது. பிரிகேடியர் நிலையில் அங்கே அனுப்பப்படுபவர் மேலே வரக்கூடியவராகக் கருதப்படுகிறார் என்று கொள்ளலாம்.

வெலிங்டனில் இன்னொரு நிறுவனமும் இருக்கிறது: மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். இரண்டும் ஒரே ஊரில் இருப்பதால் ‘வெலிங்டனில் பயிற்சி பெற்றார்’ என்று மொட்டையாக எழுதினால் தமிழ் வாசகர் அவரை மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்று எண்ணிவிடுவார். நானும் ஒரு முறை எண்ணியிருக்கிறேன்.

நடத்திய படைகளை மட்டும் ஒரே கோட்டில் எழுதுங்கள்

இதுதான் மைய வேலை. பயிற்சிகள், தலைமையகப் பொறுப்புகள், வெளிநாட்டுப் பயணங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, அவர் தாமே நடத்திய படைகளை மட்டும் காலவரிசையில் ஒரு கோட்டில் எழுத வேண்டும். கோடு அறுபடாமல் பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஏறினால் அவர் எப்படி உயர்ந்தார் என்பது தெரியும். எங்காவது அறுந்திருந்தால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

ஜெனரல் சு. பத்மநாபனின் பணியை எடுத்துக்கொண்டு இதைச் செய்து காட்டுகிறேன். 1940 டிசம்பர் 5 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்து, 2024 ஆகஸ்ட்டில் அங்கேயே காலமானவர். டேராடூனில் 1959 டிசம்பரில் கமிஷன் பெற்றுப் பீரங்கிப் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1973இல் வெலிங்டன். 1977 முதல் 1980 வரை கசாலா மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டை நடத்தினார். பீரங்கிப் படையில் ‘ரெஜிமென்ட்’ என்றால் காலாட்படையின் பட்டாலியனுக்கு நிகரான அலகு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காலாட்படையிலோ ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களின் தாய்வீடு. கசாலா 1942இல் லிபியப் பாலைவனத்தில் பெரும் போர் நடந்த இடம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்திலிருந்து வந்து, 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதியாக இருந்த பி. பி. குமாரமங்கலமும் ஒரு பீரங்கிப் படைக்காரரே. அந்த லிபியப் போரில் சிறைப்பட்டவர். பீரங்கி ரெஜிமென்ட்கள் இப்படிப் போர்க்களங்களின் பெயரைச் சுமப்பது மரபு. வாசிக்கும்போது அந்தப் பெயரை அவர் பணியாற்றிய ஊர் என்று எண்ணி ‘கசாலாவில் பணியாற்றினார்’ என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்த வரியை நான் பல முறை தாண்டிப் போயிருக்கிறேன்: அவர் ஒரு தனிப் பீரங்கி பிரிகேடையும், ஒரு மலைப் பிரிகேடையும் நடத்தினார். பீரங்கிப் படைக்காரர் பீரங்கி பிரிகேடை நடத்துவது இயல்பு. மலைப் பிரிகேட் என்பது காலாட்படைப் பட்டாலியன்களால் ஆனது. தம் துறைக்கு வெளியே உள்ள ஒரு போர்ப் படையை அவர் கையில் கொடுத்தது, இவரை ஒரே துறையின் வல்லுநராக மட்டும் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று ராணுவம் எடுத்த முடிவு. ‘ஜெனரல்’ என்ற சொல்லே எல்லாத் துறைக்கும் பொதுவானவர் என்பதிலிருந்து வந்ததுதான். பிரிகேடியர் முதல் மேலே உள்ளவர்கள் ரெஜிமென்ட் வேறுபாடு இல்லாமல் ஒரே மாதிரியான சீருடை அணிய வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்திருப்பதும் இந்தக் கருத்தின் நீட்சியே. ஆகவே பீரங்கி, பொறியாளர், சிக்னல்ஸ் துறைகளிலிருந்து வந்த ஒருவரின் குறிப்பில் காலாட்படை பிரிகேட் அல்லது மலைப் பிரிகேட் என்ற சொல் வந்தால், அதன் கீழே கோடு போடுங்கள். அவருடைய பணி வாழ்க்கை திரும்பிய இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

கோடு அதன் பிறகு நேராக ஏறுகிறது. 1988 டிசம்பர் முதல் 1991 பிப்ரவரி வரை மேற்கு எல்லையில் ஒரு காலாட்படை டிவிஷன். பின்னர் நாகாலாந்தில் 3ஆவது கோரின் தலைமை ஸ்டாஃப் அதிகாரி. இது நடத்தும் பொறுப்பு அன்று என்பதால் நம் கோட்டில் சேராது. 1993 ஜூலையில் லெப்டினன்ட் ஜெனரலாகி ஸ்ரீநகரின் 15ஆவது கோருக்குத் தலைவரானார். 1995 பிப்ரவரி வரை அங்கே இருந்தார்.

இந்த இடத்தில் குறிப்பை மூடி வைத்துவிட்டு வரலாற்றைத் திறக்க வேண்டும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அந்த இருபது மாதங்களில் என்ன நடந்தது? அவர் பொறுப்பேற்ற மூன்று மாதங்களில், 1993 அக்டோபரில், ஆயுதம் ஏந்தியவர்கள் ஹஸ்ரத்பல் பள்ளிவாசலுக்குள் புகுந்தார்கள். ஒரு மாதம் நீடித்த முற்றுகை, பள்ளிவாசலுக்குள் படை நுழையாமலே, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்ததில் முடிந்தது. பணிக்குறிப்பு இதையெல்லாம் ‘பள்ளத்தாக்கில் கோர் தலைவராக இருந்தார்’ என்று நான்கு சொற்களில் சொல்லி முடித்துவிடும். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அந்த இடத்தின் வரலாற்றை வைக்காவிட்டால் குறிப்பு வெறும் முகவரிப் பட்டியல்தான்.

அதன் பின் ராணுவ உளவுத் துறையின் தலைமை இயக்குநர். 1996 செப்டம்பரில் வடக்குப் பிராந்தியம். பின்பு தெற்குப் பிராந்தியம். 2000 செப்டம்பர் இறுதியில் தலைமைத் தளபதி. முன்பு சொன்ன கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆண்டுகள் 2003 செப்டம்பரில்தான் முடியும். 62 வயது 2002 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 2002 டிசம்பர் 31 அன்று ஓய்வு. இடையில், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பரில் தொடங்கி ஏறக்குறைய பத்து மாதங்கள் எல்லையில் பெரும் படையை நிறுத்திவைத்த ‘ஆபரேஷன் பராக்ரம்’ அவருடைய பொறுப்பில் நடந்தது.

வடக்குப் பிராந்தியத்தின் தலைவராக இருந்தவர் என்றதும் கார்கிலை அவரோடு இணைத்து எழுதுவோர் உண்டு. 1999இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் எச். எம். கன்னா. ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இத்தகைய பிழைகளையும் தடுக்கும்.

பதக்கங்களை இரண்டு கூடைகளில் போடுங்கள்

பெயருக்குப் பின்னால் வரும் பதக்கங்களை வாசிக்கும்போது துணிச்சலுக்கானவை ஒரு கூடை, சேவைக்கானவை இன்னொரு கூடை என்று பிரிக்க வேண்டும். பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்கரங்கள் போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா பதக்கங்கள் சிறந்த சேவைக்கு. 1960இல் இவை தொடங்கப்பட்டபோது ஒரே பதக்கத்தின் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளாகவே இருந்தன. உத்தம் யுத்த சேவா, யுத்த சேவா போன்றவை போர், மோதல் சூழல்களில் ஆற்றிய சிறந்த சேவைக்கு. சேனா பதக்கம் மட்டும் வீரத்துக்கும் வழங்கப்படும், கடமைச் சிறப்புக்கும் வழங்கப்படும்; எதற்கென்று அடைப்பில் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பரம் விசிஷ்ட சேவா பதக்கத்தை ‘வீரத்துக்கான உயரிய விருது’ என்று எழுதுவது தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி நேரும் பிழை. ‘பரம்’ என்ற முன்னொட்டு பரம்வீர் சக்கரத்தை நினைவூட்டிவிடுகிறது. அது பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல் நிலையில் வருவது. வீர விருதுகளோ இளம் வயதில், படையோடு முன்னே நிற்கும்போது வருபவை. அந்த விதிக்கு மிக அரிய விலக்கு அருண் வைத்யா: 1965 போரில் டெக்கான் ஹார்ஸ் டாங்கி ரெஜிமென்ட்டை நடத்தி மகாவீர் சக்கரம் பெற்றார், 1971இல் பிரிகேடியராக, பசந்தர் சமரில் டாங்கி பிரிகேடை நடத்தி அதே விருதை மீண்டும் பெற்றார். ஒவ்வொரு பதக்கத்துக்கும் பக்கத்தில் ‘எந்த நிலையில், எந்தப் பொறுப்பில்’ என்று எழுத முடிந்தால் மட்டுமே அது தகவல்.

குறிப்பு பேசாத இடங்கள்

பணிக்குறிப்பு பொய் சொல்வதில்லை. ஆனால் மௌனமாக இருக்கும். சாம் மானெக்‌ஷாவின் குறிப்பில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் தலைவர், பின்பு 4ஆவது கோரின் தலைவர் என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து வரும். அந்த இரண்டு வரிகளுக்கு இடையே அவர்மீது ஒரு விசாரணை நடந்தது. பணி அங்கேயே முடிந்துபோயிருக்கக்கூடும். குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1962 சீனப் போரின் தோல்விக்குப் பிறகு, நொறுங்கிக் கிடந்த 4ஆவது கோரைத் தூக்கி நிறுத்த அவரைத் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். ஆக, ஒருவர் ஒரே பொறுப்பில் வழக்கத்துக்கு மேல் நீண்ட காலம் இருந்தாலோ, நெருக்கடிக்கு நடுவில் திடீரென மாற்றப்பட்டாலோ, அந்த ஆண்டின் செய்தித்தாள்களைத் தேடுங்கள்.

இன்னொரு மௌனம், கிடைக்காமற்போன பதவி. 1983இல் வைத்யா தலைமைத் தளபதியானபோது, அவரைவிட மூத்தவரான எஸ். கே. சின்ஹா பதவி விலகினார். 2016இல் பிரவீண் பக்‌ஷி, பி. எம். ஹாரிஸ் என்ற இரு மூத்தவர்களைத் தாண்டி விபின் ராவத் தேர்வானார். தலைமைத் தளபதியைத் தேர்ந்தெடுப்பது அரசின் உரிமை. மூப்பு மரபே தவிரச் சட்டம் அன்று. 1971இல் 4ஆவது கோரை நடத்தி, ஹெலிகாப்டர்களில் மேக்னா ஆற்றைக் கடந்து டாக்காவை நோக்கிப் பாய்ந்த சகத் சிங், ஒரு பிராந்தியத்தின் தலைமையைக்கூடப் பெறாமல் ஓய்வு பெற்றார். அந்தப் போரைப் பற்றிப் படித்தவர்கள் பலர் அவரை அதன் மிகச் சிறந்த களத் தலைவர் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். கோடு நின்றுபோன இடத்தை வைத்து ஒருவரின் திறமையை அளந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஓய்வோடு குறிப்பு முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2021இல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்ற அனில் சௌகான், ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களையும் முப்படைத் தலைமைக்கு நியமிக்கலாம் என்று 2022 ஜூனில் விதி திருத்தப்பட்ட பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் முழு ஜெனரலாக, முப்படைகளின் தலைமைத் தளபதியாகத் திரும்பி வந்தார்.

கடைசியாக, தமிழில் திருப்பி எழுதிப் பாருங்கள்

வாசித்தது விளங்கியதா என்பதைச் சோதிக்க ஒரே வழி, அதை நான்கைந்து வாக்கியங்களில் தமிழில் எழுதுவது. பத்மநாபனுக்கு நான் எழுதிப் பார்த்தது இது:

“பீரங்கிப் படையில் 1959இல் அதிகாரியாகச் சேர்ந்த பத்மநாபன், தம் துறையின் ரெஜிமென்ட் ஒன்றையும் பிரிகேட் ஒன்றையும் நடத்திய பின், காலாட்படை வீரர்களைக் கொண்ட மலைப் பிரிகேடை நடத்தும் பொறுப்பைப் பெற்றார். மேற்கு எல்லையில் ஒரு டிவிஷனை நடத்தி முடித்தவரை, ஹஸ்ரத்பல் முற்றுகை நடந்த 1993ஆம் ஆண்டில் ஸ்ரீநகரின் 15ஆவது கோருக்குத் தலைவராக அனுப்பினார்கள். உளவுத் துறையிலும் பின்பு வடக்கு, தெற்கு ஆகிய இரு பிராந்தியங்களின் தலைமையிலும் இருந்து, 2000ஆம் ஆண்டு ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். எல்லையில் பத்து மாதங்கள் படை நிறுத்தப்பட்டிருந்த காலத்தை நடத்திக் கடந்து, 62 வயது நிறைந்த அந்த மாதத்தின் கடைசி நாளில், நாற்பத்து மூன்று ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டார்.”

இதில் ‘தளபதி’ என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது. ‘படைப்பிரிவு’ வரவே இல்லை.